சிங்கப்பூரில் வங்கிக் கணக்கு: வேலைக்கு வருபவருக்கும் கம்பெனி தொடங்க நினைப்பவருக்கும்

திருப்பூரைச் சேர்ந்த ஒருவரின் கேள்வி இது. சிங்கப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்து, எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனும் வேலை அனுமதிக்கான ஐபிஏ கடிதம், அதாவது முன்-ஒப்புதல் கடிதம், வந்துவிட்டது. அடுத்த மாதம் கிளம்புகிறார். ஊரிலிருந்தே அங்கே ஒரு வங்கிக் கணக்கு திறக்க முடியுமா என்று கேட்கிறார். கூடவே, பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நண்பரோடு சேர்ந்து சிங்கப்பூரில் ஒரு கம்பெனி பதிந்து, ஐரோப்பிய பையர்கள் தரும் பணத்தை அங்கே வாங்கவும் யோசனை. 'நீங்க வரவே வேண்டாம், ஒரே வாரத்தில் கம்பெனியும் பேங்க் அக்கவுன்ட்டும் ரெடி' என்று ஒரு ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். எந்த பேங்க் நல்லது என்று கேள்வி முடிகிறது.

எந்த பேங்க் என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஒரு வெளிநாட்டவரை நம்பிக் கணக்கு கொடுக்க இங்குள்ள வங்கி எதைப் பார்க்கும், அந்த ஏஜென்ட் சொல்வதில் எவ்வளவு நிஜம் என்பதைத்தான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் கம்பெனிப் பதிவும் செயலர் பணியும் செய்து தரும் அலுவலகத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். வங்கிக் கணக்கு விண்ணப்பங்களைத் தயார் செய்வது என் அன்றாட வேலை. இந்திய வரிச் சட்டம் என் துறை இல்லை. அந்தப் பக்கம் நான் சொல்பவற்றை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் சொந்தக் கணக்கு. ஊரிலிருந்தே திறக்க மெனக்கெட வேண்டாம். நேரில் பார்க்காத ஒரு வெளிநாட்டவருக்குக் கணக்கு திறக்க வங்கிகள் தயங்கும். தொலைவிலிருந்தே அனுமதிக்கும் வங்கிகளும் எந்த நாட்டவர்களுக்கு என்று தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. பெரிய தொகை உள்ளவர்களுக்கு வழி திறக்கும் என்பது உண்மை. டிபிஎஸ் வங்கியின் ட்ரெஷர்ஸ் பிரிவு போன்றவற்றுக்கு 3,50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அளவில் முதலீட்டுப் பணம் வேண்டும். வேலைக்கு வரும் உங்களுக்கு அது தேவையே இல்லை. இறங்கி, பாஸ் வழங்கப்பட்டு, வெளிநாட்டவருக்கான அடையாள எண்ணான ஃபின் எண் கைக்கு வந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஃபின் எண் வந்ததும் அரசின் டிஜிட்டல் அடையாளமான சிங்பாஸுக்குப் பதிவு செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி ஆகிய மூன்று உள்ளூர் வங்கிகளின் செயலியிலும், மைஇன்ஃபோ வழியாக உங்கள் பெயர், பாஸ் விவரம், முகவரி எல்லாம் அரசுப் பதிவிலிருந்தே வந்து விழும். பழைய ஆட்கள் சொல்லும் போஸ்ட் ஆபீஸ் பேங்க், அதாவது பிஓஎஸ்பி, 1998 முதல் டிபிஎஸ் கையில்தான் இருக்கிறது. பாஸ் கார்டு வருவதற்கு முன்பே ஐபிஏ கடிதத்தை வைத்துக் கிளையில் கணக்கு திறந்தவர்களும் உண்டு. ஆனால் கிளைக்குக் கிளை, ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இங்கே நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று முகவரி. வந்த புதிதில் யாரோ ஒருவருடைய வீட்டில் ஒரு அறையில் இருப்பீர்கள், கரன்ட் பில் உங்கள் பெயரில் வராது. அதனால் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசி இணைப்பை ப்ரீபெய்டில் எடுக்காமல், உங்கள் பெயரில் மாதாமாதம் பில் வரும்படி எடுங்கள். முகவரியை மனிதவள அமைச்சின் பதிவிலும் சரியாக ஏற்றும்படி முதலாளியிடம் சொல்லுங்கள், ஏனென்றால் மைஇன்ஃபோவில் வருவது அதுதான்.

இன்னொன்று பெயர். நமக்கு இனிஷியல்தான் வழக்கம், வங்கிப் படிவத்துக்கு அது புரியாது. சான்றிதழில் எம். கார்த்திகேயன், பான் கார்டில் முருகேசன் கார்த்திகேயன், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, பெயர்க் கட்டத்திலேயே கார்த்திகேயன் முருகேசன் என்று ஒரே வரி என இருக்கும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே கணினியில் தனித்தனி ஆட்களாகத் தெரிவார். பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்தும் வரிசையும்தான் இங்கே கணக்கு. பாஸ் விண்ணப்பம், வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், வங்கி எல்லாவற்றிலும் அதையே அப்படியே எழுதுங்கள். ஊரிலிருந்து பணம் அனுப்புபவரிடமும் அதே பெயரைக் கொடுங்கள். பெயர் பொருந்தாமல் தொங்கிய பணத்தைத் துரத்துவது பெரிய அலைச்சல்.

படிவத்தில் எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள் என்று ஒரு பகுதி வரும். பலர் யோசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். கணக்கு விவரங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று தானாகவே பகிரும் ஏற்பாட்டுக்காக வாங்கும் உறுதிமொழி அது. இந்தியா 2017 முதலும் சிங்கப்பூர் 2018 முதலும் இந்தப் பகிர்வில் இருக்கின்றன. கிளம்பும் வருடத்தில் இன்னும் இந்திய வரிவாசிதான் (வரிச் சட்டத்தின் கணக்கில் இந்தியாவில் வசிப்பவர்) என்றால், பான் எண்ணோடு அதை எழுதுங்கள். மறைப்பதால் ஒன்றும் மறையாது. பொய் உறுதிமொழி கொடுப்பது தனிக் குற்றம்.

முதல் மாதச் செலவுக்கு என்ன செய்வது? சட்டப்படி சம்பள மாதம் முடிந்து ஏழு நாட்களுக்குள் சம்பளம் வந்தாக வேண்டும், ஆனால் அறைக்கு ஒரு மாத வாடகையும் முன்பணமும் முதல் வாரமே கேட்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். அந்நிய நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் வரை இந்தியாவிலிருந்து எடுத்து வரலாம். சிங்கப்பூர் எல்லையில் 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும். கணக்கு திறந்தபின் சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற வசதியான பேநவ் பதிவு செய்துகொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் யுபிஐயும் பேநவும் இணைக்கப்பட்டதால் இதில் சேர்ந்துள்ள வங்கிகளில் சின்னத் தொகைகள் நொடியில் வந்துபோகும். சில சேமிப்புக் கணக்குகளில் குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் மாதம் சில வெள்ளி பிடிப்பார்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தேர்வு செய்தால் போதும், மற்றபடி மூன்று வங்கிகளில் எது என்பது பெரிய விஷயமில்லை.

அப்புறம், ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை மறந்துவிடாதீர்கள். வேலைக்காக வெளிநாடு கிளம்பியதும் ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டுவாசி. அந்தக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டுவாசிக்கான சாதாரண ரூபாய்க் கணக்காக, மாற்ற வேண்டும். இங்கே சம்பாதித்ததை அனுப்ப ஒரு என்ஆர்இ கணக்கு தனியாக வைத்துக்கொண்டால், அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தை மறுபடி வெளியே எடுப்பதும் எளிது. மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் வீடு வாங்கும்போது தவிக்கிறார்கள்.

இனி கம்பெனி. முதலில் உங்களைப் பற்றியே ஒன்று. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்பது அந்த ஒரு முதலாளியிடம் வேலை பார்க்க மட்டும்தான். வேறொரு கம்பெனியில் நீங்கள் பங்கு வைத்திருக்கலாம். ஆனால் டைரக்டராக இருக்க மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும், அதையும் உங்கள் முதலாளியின் நிறுவனத்தோடு பங்கு வழியில் தொடர்புள்ள கம்பெனிக்குத்தான் கொடுப்பார்கள். எஸ் பாஸ், வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு அந்த வழியும் கிடையாது. ஆக, நண்பரோடு தொடங்கும் ஜவுளிக் கம்பெனியை மாலையில் உட்கார்ந்து நீங்கள் நடத்துவது பாஸ் விதிகளை மீறுவதாகும். வேலையே போய்விடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. சிங்கப்பூரின் நிறுவனப் பதிவகமான அக்ராவில் கம்பெனி பதிவது எளிது, பெரும்பாலும் ஒரே நாளில் முடியும். பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி, மூலதனம் ஒரு வெள்ளி போதும். சிங்பாஸ் இல்லாத வெளிநாட்டவர் பதிவு பெற்ற நிறுவனச் சேவையாளர் மூலம்தான் செய்ய முடியும். இங்கே வசிக்கும் டைரக்டர் ஒருவராவது வேண்டும், உள்ளூர் முகவரி வேண்டும், ஆறு மாதத்துக்குள் செயலர் ஒருவரை நியமிக்க வேண்டும். உள்ளூரில் ஆளில்லாதவர்கள், தொழிலை நடத்தாமல் பெயருக்கு இருக்கும் நாமினி டைரக்டரை வைப்பார்கள். 2025 ஜூன் 9 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, தொழிலாக நாமினி டைரக்டராக இருப்பவரைப் பதிவு பெற்ற சேவையாளர்தான் ஏற்பாடு செய்ய முடியும், அவர் தகுதியானவர் என்று பார்த்த பிறகே செய்ய முடியும். ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அக்ராவில் அவர் பதிவு பெற்றவரா என்பதே.

மீதிப் பாதி, அதாவது வங்கிக் கணக்கு, அவர் கையில் இல்லை. என் கையிலும் இல்லை. சில வாரங்களில் முடிந்த விண்ணப்பங்களும் உண்டு, மாதக்கணக்கில் கேள்வி மேல் கேள்வி வந்து கடைசியில் காரணம் சொல்லாமல் மறுக்கப்பட்டவையும் உண்டு. ஒரு வாரம் என்று யார் உறுதி கொடுத்தாலும் அது அவர் கொடுக்கக் கூடிய உறுதி அல்ல.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 15 அன்று போலீசார் ஒரே நேரத்தில் பல இடங்களில் புகுந்து கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கிய வழக்கில் பத்து வெளிநாட்டவர்களைப் பிடித்தார்கள். முடக்கிய சொத்து 300 கோடி வெள்ளியைத் தாண்டியது. பத்துப் பேருக்கும் 2024-இல் தண்டனை கிடைத்தது. அவர்களின் பணத்தைச் சரியாக விசாரிக்காமல் ஏற்றதற்காக 2025 ஜூலையில் நாட்டின் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையம் ஒன்பது நிதி நிறுவனங்களுக்கு மொத்தம் 2.745 கோடி வெள்ளி அபராதம் போட்டது. உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு இது மனதில் இருக்கும். உங்களை ஏற்று அது தவறாகப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

கேட்கும் காகிதங்கள் எல்லோருக்கும் தெரிந்தவையே: அக்ராவின் கம்பெனி விவரச் சான்று, கம்பெனி விதிமுறை, போர்டு தீர்மானம், டைரக்டர்கள், கையெழுத்துப் போடுபவர்கள், கால் பங்கு அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் ஆகியோரின் பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும். விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் அதற்குப் பின் வரும் பேச்சில். அதிகாரி வீடியோவில் கூப்பிட்டு, பெரிய பையர் யார், எந்த ஊர், எத்தனை வருடப் பழக்கம், சரக்கு எந்தத் துறைமுகத்தில் ஏறி எங்கே இறங்குகிறது, மாதம் எவ்வளவு எந்தக் கரன்சியில் வரும், வந்த பணம் அடுத்து யாருக்குப் போகும், மூலதனம் எதில் சம்பாதித்தது என்று கேட்பார். 'பொது வர்த்தகம்' என்று இரண்டே சொல்லில் எழுதி அனுப்பிய விண்ணப்பத்துக்குத்தான் கேள்விகள் பெருகும். 'குழந்தைகளுக்கான பருத்திப் பின்னலாடை, தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க், இரண்டு பையர்கள், இதோ கடந்த வருட ஆர்டரும் கப்பல் ரசீதும்' என்று எழுதினால் அதிகாரிக்குத் தன் மேலதிகாரியிடம் எடுத்துச் சொல்ல ஏதாவது இருக்கும். நாமினி டைரக்டர் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. தொழிலை நடத்துபவரே பேச வேண்டும். ஒருமுறை நேரில் வந்துவிட்டுப் போவது பல நேரம் பலன் கொடுக்கிறது.

இந்தப் பேச்சில் உங்கள் நண்பர் திணறப்போகும் கேள்வி ஒன்று உண்டு. துணி திருப்பூரில் தைக்கப்படுகிறது, பையர் ஜெர்மனியில், சரக்கு சிங்கப்பூரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பணம் மட்டும் ஏன் இங்கே வர வேண்டும்? ஆசியா முழுக்க விற்பனை, வேறு நாடுகளிலிருந்தும் கொள்முதல், இங்கே ஒரு விற்பனை ஆள் என்று நிஜமான காரணம் இருந்தால் சொல்லுங்கள், அது எடுபடும். வரியைக் குறைக்கத்தான் என்றால் வங்கியும் ஏற்காது, இந்தியப் பக்கமும் சிக்கல். திருப்பூர் நிறுவனத்தின் ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிச் சுங்க ஆவணம்) போன சரக்கின் பணம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தே ஆக வேண்டும். சிங்கப்பூர் கம்பெனி நடுவில் வாங்கி விற்கிறது என்றால், உறவுள்ள இரு நிறுவனங்களுக்கு இடையிலான விலை நியாயமானதா என்று வரித்துறை கேட்கும். முடிவுகள் எல்லாம் திருப்பூரிலேயே எடுக்கப்பட்டால், உண்மையான நிர்வாகம் நடக்கும் இடம் இந்தியா என்று அந்தக் கம்பெனியையே இந்திய வரிவாசியாகக் கருதவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆண்டு வரவு 50 கோடி ரூபாயைத் தாண்டாத கம்பெனிகளுக்கு அந்த விதியைப் பொருத்துவதில்லை என்று விளக்கம் உண்டு. இதைக் கட்டாயம் ஆடிட்டரிடம் பேசுங்கள்.

யூரோவை உடனே ரூபாயாக மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் தேவை என்றால் கம்பெனியே வேண்டாம். ஊர் வங்கியிலேயே இஇஎஃப்சி கணக்கு இருக்கிறது. ஏற்றுமதிப் பணம் முழுவதையும் அந்நியக் கரன்சியிலேயே அதில் வாங்கி, அடுத்த மாத இறுதிவரை வைத்திருக்கலாம், இறக்குமதிக்கும் கொடுக்கலாம். அதோடு 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விதியைத் திருத்தி, இந்திய ஏற்றுமதியாளர் தன் பெயரிலேயே வெளிநாட்டு வங்கியில் கணக்கு வைத்து ஏற்றுமதிப் பணத்தை வாங்கவும் அனுமதித்தது. இங்குள்ள வங்கி அந்தக் கணக்கைத் திறக்குமா என்பது அந்தந்த வங்கியின் முடிவு. இருந்தாலும் உங்கள் நண்பர் முதலில் தட்ட வேண்டிய கதவுகள் இவைதான் என்பது என் கருத்து.

அப்படியும் கம்பெனிதான் என்றால், இந்தியாவில் வசிக்கும் நண்பர் தன் பங்குக்குப் பணம் அனுப்பும்போது அதை வெளிநாட்டு நேரடி முதலீடாகவே அனுப்ப வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி, ஊர் வங்கி மூலம் எஃப்சி படிவம் கொடுத்து யூஐஎன் எனும் முதலீட்டு அடையாள எண் வாங்கியபிறகே பணம் கிளம்ப வேண்டும். தனிநபருக்கு ஒரு நிதியாண்டில் எல்லாம் சேர்த்து 2,50,000 அமெரிக்க டாலர் உச்சவரம்பு. அதன் பிறகு வருடாவருடம் டிசம்பர் 31-க்குள் அறிக்கை, வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை. 'முதலில் குடும்பச் செலவு என்று அனுப்பிவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் அதைச் சரிசெய்ய ஆகும் செலவு மூலதனத்தையே விழுங்கும்.

வங்கி இழுத்தடிக்கும்போது வைஸ், ஏர்வாலெக்ஸ் போன்றவற்றில் பிசினஸ் கணக்கு எடுப்பவர்கள் நிறைய. பல கரன்சிகளில் பணம் வாங்கவும் மாற்றவும் நல்ல வழி, செலவும் குறைவு. ஆனால் அவை இங்கே பணப் பட்டுவாடாச் சேவை உரிமம் பெற்றவை, வங்கிகள் அல்ல. சிங்கப்பூர் வைப்புக் காப்பீடு 2024 ஏப்ரல் முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 வெள்ளி வரை பாதுகாப்புத் தருகிறது. அது வங்கியில் இருக்கும் சிங்கப்பூர் வெள்ளி வைப்புக்கு மட்டும். வங்கியிலேயே யூரோவாக வைத்திருந்தாலும் கிடையாது. அன்றாடப் போக்குவரத்துக்கு அந்தச் சேவைகளை வைத்துக்கொள்ளுங்கள், கையிருப்பை வங்கியில் வையுங்கள். இந்திய வங்கிகளின் சிங்கப்பூர்க் கிளைகளையும் கேட்டுப் பாருங்கள். நம் ஊர்க் காகிதங்கள் அவர்களுக்குப் பழக்கம், ஆனால் விதிகள் அவர்களுக்கும் நாணய ஆணையத்தினுடையவைதான்.

ஒரு வங்கி மறுத்தால் அடுத்த நாளே நாலு வங்கிகளுக்கு நாலு விதமாக எழுதாதீர்கள். எங்கே சந்தேகம் வந்திருக்கும் என்று யோசித்து, ஆதாரத்தைச் சேர்த்து, அதே கதையை இன்னும் தெளிவாக அடுத்த வங்கிக்கு எழுதுங்கள்.

கணக்கு கிடைத்தபின் ஒருபோதும் செய்யக் கூடாதது ஒன்று. 'உன் அக்கவுன்ட்டைக் கொடு, மாதம் ஐந்நூறு வெள்ளி தருகிறேன்' என்று கேட்டு வருபவர்கள் குறிவைப்பது புதிதாக வந்த நம் பிள்ளைகளைத்தான். சில நேரம் கேட்பவர் ஊர்க்காரராகவே இருப்பார். சிங்பாஸ் கடவுச்சொல், ஏடிஎம் கார்டு, ஓடிபி எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால், எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்வது எளிதில் எடுபடாது. 2023-இல் சட்டத்தைத் திருத்தியதே அந்தப் பதிலை அடைக்கத்தான். 2025-இல் பிரம்படியும் சேர்ந்திருக்கிறது. சிறை, அதன் பிறகு ஊர் திரும்புதல், மறுபடி வேலைக்கு வர முடியாத நிலை. சில நூறு வெள்ளிக்காக இதில் சிக்கியவர்களின் குடும்பங்கள் படும் பாடு தாங்க முடியாதது.

கடைசியாக, என்றாவது வேலையை விட்டுக் கிளம்பும்போது கணக்கை அவசரமாக மூடிவிடாதீர்கள். வெளிநாட்டு ஊழியர் போகும்போது முதலாளி வரித்துறைக்கு ஐஆர்21 படிவம் கொடுத்து, வரி பாக்கி இல்லை என்று தெரியும்வரை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தைப் பிடித்து வைக்க வேண்டும். கடைசி மாதச் சம்பளம் அதன் பிறகே விடுவிக்கப்படும். அந்தப் பணமும் வாடகை முன்பணமும் வந்து சேர்ந்தபின் மூடுங்கள். சிங்கப்பூர் எண் செயலில் இல்லாவிட்டால் ஓடிபி வராது, எனவே கிளம்பும் முன்பே வங்கியில் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் இந்தியாவுக்கு மாற்றிவிடுங்கள்.